காவிரி டெல்டாவில் எதை, எப்போது, எங்கே சாப்பிடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் கோயில் பார்க்க வருகிறவர்கள் நடை திறக்கும் நேரத்தைக் கேட்ட கையோடு, "சாப்பிட என்ன நல்லா இருக்கும், கடைத்தெருவில் என்ன வாங்கலாம்" என்றும் கேட்பார்கள். அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் இந்தப் பக்கம். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த ஊர்களில் எந்தக் கடை என்பதைவிட எந்த நேரம் என்பது முக்கியம். காலை எட்டு மணிக்கு இலையில் விழுவது பதினொன்றுக்குத் தீர்ந்திருக்கும். தை மாதம் சந்தையில் குவிந்து கிடப்பது வைகாசியில் கண்ணில் படாது. கடைப் பெயர்களை மட்டும் குறித்துக்கொண்டு வருகிறவர்கள் பாதி நாள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.

எந்த ஊரில் தங்கினால் வசதி?

என்னைக் கேட்டால் கும்பகோணம். தஞ்சாவூர் சுமார் 40 கிலோமீட்டர், மயிலாடுதுறையும் ஏறக்குறைய அதே தூரம். மூன்று ஊரும் ஒரே ரயில் பாதையில் இருக்கின்றன, பஸ்ஸுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. தாராசுரம், சுவாமிமலை, நாச்சியார்கோவில் எல்லாம் ஆட்டோ தூரம். பெரிய கோயிலையும் அரண்மனையையும் நிதானமாகப் பார்க்க நினைப்பவர்கள் ஒரு ராத்திரி தஞ்சாவூரில் தங்கிக்கொள்ளலாம்.

நாகப்பட்டினம், நாகூரை இதோடு ஒரே நாளில் சேர்க்காதீர்கள். அது கடல் பக்கத்துச் சாப்பாடு, அதற்குத் தனி நாள் வேண்டும்.

காலை டிபனுக்கு எதைத் தேடிப் போவது?

கடப்பா. ஆந்திராவில் இருக்கும் ஊருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இட்லி, தோசைக்குத் தொட்டுக்கொள்ளத் தருகிற ஒரு குழம்பு வகை. வேகவைத்த பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் அடித்தளம், அதில் தேங்காய், சோம்பு, பச்சை மிளகாய் அரைத்த விழுது. குருமா மாதிரி தெரியும், ஆனால் குருமாவின் கனம் இருக்காது. சாம்பாரின் புளிப்பும் கிடையாது. வெளிர்மஞ்சள் நிறம், கடைசியில் எலுமிச்சம் பழத்தின் சின்னப் புளிப்பு, அவ்வளவுதான்.

கும்பகோணம், தஞ்சாவூர் வட்டாரத்தைத் தாண்டினால் பல ஊர்களில் பெயரையே தெரியாது என்பார்கள். இங்கே கல்யாண வீட்டுக் காலை டிபனில் கடப்பா இல்லையென்றால் பந்தியிலேயே யாராவது கேட்டுவிடுவார்கள்.

ஓட்டல்களில் எல்லா நாளும் போடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடும் கடைகள் உண்டு, வாரத்தில் ஒன்றிரண்டு நாள் போடுபவையும் உண்டு. அதனால் முதல் நாள் ராத்திரி சாப்பிடும்போதே "காலையில கடப்பா உண்டா அண்ணே?" என்று சர்வரிடம் கேட்டு வைத்துவிடுங்கள். உண்டு என்றால் எட்டு, எட்டரைக்குள் போய் உட்காருங்கள். ஒன்பதரைக்குப் போனால் சட்னி, சாம்பார்தான்.

கும்பகோணத்தில் காந்தி பூங்கா பக்கம் வெங்கட்ரமணா, கும்பேஸ்வரர் கோயிலை ஒட்டி மங்களாம்பிகா இரண்டும் பழைய பெயர்கள். இரண்டிலும் வெளியூர்க்காரர்கள் கூட்டம் அதிகம்தான். இருந்தாலும் உள்ளூர்க்காரர்களும் இன்னும் போகிறார்கள். அது ஒன்றே எனக்குப் போதுமான சான்று.

ஊருக்குத் திரும்பியதும் வீட்டில் கடப்பா செய்ய முடியுமா?

தாராளமாக. நாலு பேருக்கு அரை டம்ளர் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துக்கொள்ளுங்கள். இரண்டு உருளைக்கிழங்கைத் தனியே வேகவைத்து, பாதியை மசித்து, மீதியைத் துண்டாக வையுங்கள். அரை மூடித் தேங்காய், ஒரு ஸ்பூன் சோம்பு, ஒரு ஸ்பூன் பொட்டுக்கடலை, கொஞ்சம் கசகசா, காரத்துக்குப் பச்சை மிளகாய், சின்னத் துண்டு இஞ்சி, இரண்டு பல் பூண்டு எல்லாவற்றையும் நைசாக அரைக்க வேண்டும். எண்ணெயில் பட்டை, கிராம்பு, பிரிஞ்சி இலை தாளித்து, வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்கி, பருப்பு, கிழங்கு, விழுது சேர்த்துத் தண்ணீர் விட்டுக் கொதிக்க விடுங்கள். அடுப்பை அணைத்த பிறகுதான் எலுமிச்சைச் சாறு. கொதிக்கும்போது பிழிந்தால் கசப்பு தட்டும்.

மிளகாய்த்தூள் போடவே கூடாது. தக்காளியைக் கண்ணால்கூடக் காட்டாதவர்கள் ஒரு கட்சி, ஒன்றே ஒன்று போடுகிறவர்கள் ஒரு கட்சி. நான் முதல் கட்சி. ஆறினால் பருப்பு இறுகிவிடும் என்பதால் முதலிலேயே சற்றுத் தளர்வாக இறக்குவது நல்லது.

உண்மையான கும்பகோணம் டிகிரி காபி எங்கே கிடைக்கும்?

நெடுஞ்சாலை ஓரத்தில், செம்பு நிற டம்ளரைப் படமாக மாட்டி, ஊர் பெயரைப் பெரிதாக எழுதி வைத்திருக்கும் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். சில நல்ல காபியும் தருகின்றன, சும்மா குறை சொல்லக் கூடாது. ஆனால் கும்பகோணத்துக்குள் அந்த மாதிரி போர்டைத் தேடி அலைய வேண்டாம். பழைய ஓட்டல்களில் "ஒரு காபி" என்று கேட்டாலே வருவது அதுதான்.

காபிக் கொட்டை டெல்டாவில் விளைவதில்லை, மலையிலிருந்து வருகிறது. இந்த ஊர் தன் பங்குக்குக் கொடுத்தது பாலையும் பக்குவத்தையும். தண்ணீர் கலக்காத பசும்பால், அவ்வப்போது இறக்கிய முதல் டிகாக்ஷன், அளவான சிக்கரி, பித்தளை டபரா டம்ளர். பாலைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் ஏடு கட்டிக் காபியின் மணமே போய்விடும். அதனால் காலை ஆறு, ஆறரைக்குக் குடிக்கும் காபிக்கும் பதினொரு மணிக் காபிக்கும் ஒரே கடையில்கூட வித்தியாசம் தெரியும். அடுத்த நல்ல நேரம் சாயங்காலம் மூன்று, மூன்றரை. அடுத்த நடைப் பால் வந்து, டிகாக்ஷனும் புதிதாக இறங்கியிருக்கும்.

சர்க்கரை தூக்கலாகப் போடுவது இங்கே வழக்கம். வேண்டாதவர்கள் "சர்க்கரை கம்மி" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அசோகா அல்வாவுக்குத் திருவையாறு வரை போகத்தான் வேண்டுமா?

போகலாம். தஞ்சாவூரிலிருந்து 13 கிலோமீட்டர்தான். வழியில் வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று பாலம் பாலமாகத் தாண்டிப் போவதே ஒரு தனி சுகம், தண்ணீர் ஓடும் மாதங்களில் இன்னும். ஐயாறப்பர் கோயில் பக்கம் ஆண்டவர் அல்வா கடை என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் வழி காட்டும்.

அசோகா கோதுமைப் பால் எடுத்துக் கிண்டும் அல்வா இல்லை. பாசிப்பருப்பை வறுத்து, குழைய வேகவைத்து, நெய்யில் வறுத்த மாவோடு சர்க்கரை சேர்த்துக் கிளறுவது. கரண்டியிலிருந்து வழுக்கி விழும் பதம், ஆரஞ்சு நிறம். சூடாக வாங்கி அங்கேயே நின்று சாப்பிடுங்கள். கூடக் கொஞ்சம் காரம் வைத்துத் தருவார்கள், அதை ஒதுக்காதீர்கள். தித்திப்பு திகட்டுவதற்குள் அது காப்பாற்றும்.

ஆறிய அசோகாவும் சூடான அசோகாவும் வேறு வேறு பண்டம் என்பது என் கட்சி. பார்சல் வாங்கினால் இரண்டு மூன்று நாளுக்குள் தின்று தீர்த்துவிட வேண்டும், சாப்பிடுமுன் லேசாகச் சூடு காட்ட வேண்டும்.

இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். கடப்பாவிலும் பாசிப்பருப்பு, அசோகாவிலும் பாசிப்பருப்பு. இது தற்செயல் இல்லை. டெல்டாவில் சம்பா நெல்லை அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே நிற்கும் பயிருக்குள் பாசிப்பயறும் உளுந்தும் தெளித்துவிடுவது பழைய வழக்கம். நெல் அறுத்த பிறகு, வயலில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் பனியிலும் பயறு வளர்ந்து, பங்குனி, சித்திரையில் வீட்டுக்கு வந்துவிடும். வீடு நிறையப் பயறு இருக்கும் ஊரில் இனிப்பும் குழம்பும் அதில்தானே செய்வார்கள். அறுவடை இயந்திரம் வந்தபின் இளம் பயறு சக்கரத்தில் மாட்டி நசுங்குகிறது, அதனால் இப்போது அறுத்த பிறகு விதைப்பவர்களும் இருக்கிறார்கள்.

வேறு இனிப்புகள்?

தஞ்சாவூரில் பாம்பே ஸ்வீட்ஸ் சந்திரகலா. மைதா உறைக்குள் கோவா வைத்துப் பொரித்து, பாகில் ஊறவைத்தது. அடைசல் இல்லாமல் பெட்டியில் அடுக்கித் தருவார்கள், ஊருக்கு எடுத்துப் போக அசோகாவைவிட இது தோது. கும்பகோணம் பெரிய தெருவில் முராரி ஸ்வீட்ஸ் டிரை ஜாமூன். மன்னார்குடி பக்கம் போகிறவர்கள் நீடாமங்கலத்தில் இறங்கி பால் திரட்டு கேட்டுப் பாருங்கள். பாலைச் சுண்டச் சுண்டக் காய்ச்சித் திரட்டுவது, நிறையச் சாப்பிட முடியாது. மயிலாடுதுறையில் காளியாகுடி அல்வா.

எல்லாவற்றையும் ஒரே நாளில் முயற்சி செய்தால் அடுத்த நாள் கோயில் பிரகாரத்தைச் சுற்ற முடியாது, அவ்வளவு சொல்லிவிட்டேன்.

பார்க்க வேண்டிய மார்க்கெட் எது?

ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் தாராசுரம் காய்கறி மார்க்கெட். கும்பகோணத்திலிருந்து நாலு கிலோமீட்டர். சுற்றுவட்டாரத்துக் கடைகளுக்கு எல்லாம் சரக்கு போகும் இடம். விடியற்காலையில் போனால் லாரியிலிருந்து மூட்டை இறங்குவதையும் சில்லறைக் கடைக்காரர்கள் அடித்துப் பேசி வாங்குவதையும் பார்க்கலாம். நடுவழியில் நின்று போட்டோ எடுக்காதீர்கள், தலைச்சுமையோடு வருகிறவர் "ஓரம் ஓரம்" என்று சொல்லிக்கொண்டே வருவார், நிற்க மாட்டார். முடித்துக்கொண்டு நேரே ஐராவதேஸ்வரர் கோயிலுக்குப் போனால் காலை வெயில் தேர்ச்சக்கரத்தின்மேல் விழும் நேரம் சரியாக இருக்கும்.

தஞ்சாவூரில் அரண்மனைப் பக்கம் காமராஜ் மார்க்கெட். கீழவாசல் பக்கம் மீன், பழைய மளிகைக் கடைகள். வாழை இலை, பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி எல்லாம் திருவையாறு பக்கத்துப் படுகையிலிருந்து வருபவை. பழத்தைச் சீப்பாக வாங்குங்கள், தாராக அடுக்கியிருப்பதைப் பார்த்து மயங்கி நிறைய வாங்கினால் காரிலேயே கனிந்துவிடும்.

வெற்றிலை வாங்கிப் போகலாமா? நல்லதை எப்படிப் பார்ப்பது?

வாங்காமல் போவதுதான் தப்பு. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது வருவதற்கு ரொம்ப காலம் முன்பே இந்த வெற்றிலைக்கு ஊரெல்லாம் பேர். ஐயம்பேட்டை, பண்டாரவாடை, ராஜகிரி, சுவாமிமலை என்று ஆற்றோரப் படுகைகளில்தான் கொடிக்கால்கள். அகத்தி மரத்தில் கொடியை ஏற்றி வளர்ப்பார்கள். பஸ்ஸில் போகும்போது, நெருக்கமாக நிற்கும் ஒல்லி மரங்களும் நடுவே இருட்டாகப் பச்சையும் தெரிந்தால் அது கொடிக்கால்.

கடையில் கவுளிக் கணக்கு, ஒரு கவுளிக்கு நூறு இலை. நூறும் வேண்டாம் என்றால் அரைக் கவுளி, கால் கவுளி கேட்கலாம். இளம்பச்சையாக, மெலிதாக, காம்பைக் கிள்ளினால் சட்டென்று உடைவது கொழுந்து. கருகருவென்று தடித்திருப்பது முதிர்ந்தது, காரம் ஏறும். அந்தக் காரத்தை விரும்பித் தேடுகிறவர்களும் உண்டு. பழகாதவர்கள் கொழுந்தே வாங்குங்கள். ஈரத் துணியில் சுற்றி, வாழை மட்டை அல்லது இலையில் பொதிந்தால் ஊர் போய்ச் சேரும் வரை வாடாது. பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் மறுநாளே அழுகும்.

கூடவே சீவல். பாக்கைக் காகிதம் மாதிரி மெல்லியதாகச் சீவுவது கும்பகோணத்துக் கைவேலை. பன்னீர் மணம் சேர்த்தது, சேர்க்காதது இரண்டும் இருக்கும். ஆனால் ஒன்று, பாக்கு தொடர்ந்து மென்றால் வாய்க்குக் கேடு என்பதில் சந்தேகமே இல்லை. விருந்து நாளைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் வந்தால் நல்லது?

தை, மாசி. சம்பா அறுவடை, புது அரிசி, கரும்பு, மஞ்சள் கொத்து, பனங்கிழங்கு எல்லாம் அப்போதுதான். வெயிலும் கொல்லாது.

ஆற்றில் தண்ணீரைப் பார்க்க வேண்டுமென்றால் ஆடி, ஆவணி. மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம், நீர் இருப்பைப் பொறுத்து முன்னே பின்னே ஆகும். ஆடிப் பதினெட்டுக்கு இங்கே இருக்க வாய்த்தால் ஓட்டலை மறந்துவிட்டு ஆற்றங்கரைக்குப் போங்கள். புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம் என்று தூக்கு தூக்காக வந்து இறங்கும். ஊறவைத்த அரிசியில் வெல்லம் கலந்த காப்பரிசியைத் தெரியாதவர் கையிலும் வைத்துவிட்டுப் போவார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை. சித்திரை, வைகாசியில் வெயில், நுங்கும் வெள்ளரிப்பிஞ்சும்தான் துணை.

அசைவம்?

இருக்கிறது, நிறைய. கோயில் ஊர் என்பதால் கிடைக்காது என்று நினைத்துவிட வேண்டாம். ஆனால் அசைவத்துக்கென்று ஒரு நாளை ஒதுக்குவதானால் கடற்கரைக்கு வாருங்கள்.

நாகூரில் சாயங்காலம் தர்கா பக்கத்துத் தெருக்களில் வாடா போடுவார்கள். அரிசி மாவில் வெங்காயம் கலந்து தட்டி, மேலே இறால் பதித்து எண்ணெயில் பொரிப்பது. ஓரம் மொறுமொறுவென்றும் நடு மெத்தென்றும் இருக்க வேண்டும். ஆறிப்போனால் வெறும் எண்ணெய்தான், அதனால் சட்டியிலிருந்து எடுப்பதைப் பார்த்து வாங்குங்கள். கந்தூரி நாட்களில் கூட்டம் நெருக்கித் தள்ளும்.

மீன் வாங்க, நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டை துறைமுகப் பக்கம் காலையிலேயே போக வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாட்களில் நாட்டுப்படகில் வருவது மட்டும்தான், வகை குறைவு, விலை கூடுதல். வேளாங்கண்ணிக் கடற்கரைப் பக்கம் மீனை மசாலா தடவி அடுக்கி வைத்து, கேட்டதும் பொரித்துத் தருகிறார்கள். கையை நீட்டுவதற்கு முன்னால் விலையைக் கேட்டுவிடுங்கள்.

உள்நாட்டில், வாய்க்காலில் தண்ணீர் வற்றும் காலத்தில் விரால், கெளுத்தி, குறவை சாலையோரத்தில் உயிரோடு விற்கும். கெளுத்திக் குழம்பு மறுநாள்தான் ருசி.

சாம்பார் தஞ்சாவூரில் பிறந்தது உண்மையா?

மராட்டிய அரண்மனைச் சமையலறையில் பிறந்தது, சம்பாஜி பெயரால் வந்தது என்று ஒரு கதை உண்டு. கதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், சத்தியம் செய்யாதீர்கள். மராட்டியர்கள் இங்கே ஏறக்குறைய 180 ஆண்டுகள் இருந்தார்கள், சமையலில் அவர்கள் கை இல்லாமல் இருக்காது. அதற்காக ஒரு குழம்புக்குப் பிறந்த தேதி குறிக்க முடியாது.

கோயில் பிரசாதத்தில் தவறவிடக் கூடாதது?

கும்பகோணம் பக்கம் உப்பிலியப்பன் கோயிலில் நைவேத்தியத்தில் உப்பே கிடையாது. உப்பில்லாத புளியோதரை எப்படி இருக்கும் என்று யோசிக்கிறவர்கள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சொல்லுங்கள். திருக்கண்ணபுரத்தில் முனியோதரன் பொங்கல், அரிசி, பாசிப்பருப்பு, நெய். ராத்திரிப் பூஜையில் படைப்பது என்பதால் அதற்கென்று தங்கினால்தான் உண்டு. கொள்ளிடம் தாண்டிச் சிதம்பரம் போகிறவர்களுக்கு சம்பா சாதமும் கத்தரிக்காய்க் கொத்சும்.

"திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு, மன்னார்குடி மதிலழகு" என்று சொல்லி வைத்தவர்கள் சோற்றைப் பற்றி ஒரு வரி சேர்க்காமல் விட்டுவிட்டார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பாரம்பரிய அரிசி எங்கே வாங்கலாம்?

இப்போது எல்லா ஊரிலும் இயற்கை அங்காடிகள் வந்துவிட்டன. டெல்டாவில் இதற்குப் பெரிய உந்துதல் கொடுத்தவர் திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் பழைய நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன். 2018இல் காலமானார். அவர் தொடங்கி வைத்த நெல் திருவிழா தொடர்ந்து நடக்கிறது, கோடையில் வருகிறவர்கள் விசாரித்துப் பாருங்கள்.

முதன்முதலாக வாங்குகிறவர்களுக்கு என் யோசனை: தினச் சாப்பாட்டுக்குத் தூயமல்லி அல்லது கிச்சிலி சம்பா, பிரியாணிக்குச் சீரகச் சம்பா, இனிப்புக்குக் கருப்புக் கவுனி. மாப்பிள்ளைச் சம்பாவைக் கஞ்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கவுனியை முதல் நாள் ராத்திரியே ஊறப்போட வேண்டும், இல்லையென்றால் குக்கர் எத்தனை விசில் அடித்தாலும் பல்லில் கடிபடும். பாலிஷ் குறைந்த அரிசிக்கு வண்டு சீக்கிரம் வரும், ஐந்து கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள்.

பித்தளைச் சாமான் கும்பகோணத்தில் மலிவா?

மலிவு என்பதைவிட, தேர்ந்தெடுக்க நிறைய இருக்கும். எடை போட்டுத்தான் விலை, செய்கூலி தனி. டபரா டம்ளரின் விளிம்பைத் தடவிப் பார்த்து, கனமாக இருப்பதை எடுங்கள். சமைக்கிற பாத்திரம் என்றால் உள்ளே ஈயம் பூசித் தரச் சொல்லுங்கள், பூசாத பித்தளையில் புளி, எலுமிச்சை, மோர் ஆகாது. குத்துவிளக்குக்கு நாச்சியார்கோவில் போய்விடுங்கள், 10 கிலோமீட்டர்தான்.

கையில் ஒரே நாள்தான் இருக்கிறது. எப்படிப் பிரிப்பது?

ஆறு மணிக்குக் கும்பகோணத்தில் காபி. ஆறரைக்குத் தாராசுரம் மார்க்கெட்டும் கோயிலும். எட்டரைக்குத் திரும்பி வந்து டிபன், கடப்பா இருந்தால் அதிர்ஷ்டம். பிறகு பெரிய தெரு, பாத்திரக் கடை, வெற்றிலை. பன்னிரண்டரைக்கு இலைச் சாப்பாடு, அதற்குமேல் தள்ளினால் கூட்டும் பொரியலும் மாறிவிடும். பகலில் கோயில் நடையும் சாத்தியிருக்கும், பழைய ஓட்டல்கள் பலவற்றில் டிபனும் கிடையாது. அந்த நேரத்தைப் பயணத்துக்கு வைத்துக்கொண்டு திருவையாறு போய்விடுங்கள், மூன்றரை, நாலுக்குச் சூடாக அசோகா. ஐந்துக்குத் தஞ்சாவூர் பெரிய கோயில், கல் சூடு இறங்கியிருக்கும். ராத்திரி ரயிலுக்குக் கையில் சந்திரகலா பெட்டி.

எந்த நாட்களில் வராமல் இருப்பது நல்லது?

தை மாதம் தியாகராஜர் ஆராதனை நடக்கும் நாட்களில் திருவையாறில் பாட்டுக் கேட்க வாருங்கள், அல்வாவுக்காக வராதீர்கள். முகூர்த்த நாட்களில் கும்பகோணத்தில் ரூமும் கிடைக்காது, ஓட்டலில் உட்கார இடமும் கிடைக்காது. அடுத்த மகாமகம் 2028இல், அந்த மாசி முழுக்க நகரத்துக்குள் வண்டி நுழைவதே கஷ்டம். புனித நீராட வருகிறவர்கள் வரட்டும். சாப்பிட மட்டும் வருகிறவர்கள் பங்குனிக்குத் தள்ளிப் போடுங்கள், அப்போது புதுப் பாசிப்பயறும் சந்தைக்கு வந்திருக்கும்.